போட்ஸ்டாம்: அரசர் காணாத நீரூற்று

ஜெர்மானிய நிலப்பரப்பு 1871இல் ஒரே பேரரசாக இணைக்கப்படும் வரை, சிறிதும் பெரிதுமான பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அரசர்கள், கோமகன்கள், ஆட்சியதிகாரம் பெற்ற ஆயர்கள் என ஒவ்வொருவரும் தம் குடும்பம், அலுவலர்கள், படை, இசைக்குழு ஆகியவற்றுடன் தங்கியிருந்து ஆண்ட ஊர் ‘ரெசிடென்ஸ்’ என அழைக்கப்பட்டது. தமிழில் இதனை அரசிருக்கை நகரம் எனலாம். வணிகத்தால் தழைத்த ஹாம்பர்க் போன்ற நகரங்களில் தெருக்களும் சந்தைகளும் வணிகர்களின் தேவைக்கேற்ப வளர்ந்தன. அரசிருக்கை நகரத்திலோ தெரு எந்தத் திசையில் செல்ல வேண்டும், வீட்டுக்கு எத்தனை மாடி இருக்க வேண்டும், எந்த மரத்தை எங்கே நட வேண்டும் என்பது வரை ஆட்சியாளரே தீர்மானித்தார். டிரெஸ்டன், வைமார், லுட்விக்ஸ்பர்க், ஷ்வெரின் எனப் புகழ்பெற்ற அரசிருக்கை நகரங்கள் பல உண்டு. ஆயினும் ஓர் அரச குடும்பத்தின் ஆசைகளும் அச்சங்களும் தலைமுறை தலைமுறையாகப் படிந்த இடம் என்ற வகையில், பெர்லினுக்குத் தென்மேற்கே, ஹாவெல் ஆறு ஏரிகளாக விரியும் பகுதியில் அமைந்த போட்ஸ்டாமுக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

பெர்லினிலிருந்து அரை மணி நேர ரயில் பயணத்தில் இங்கு வந்து சேரும் பயணிகளில் பலர், தாம் காண்பது பதினெட்டாம் நூற்றாண்டின் பிரஷ்யா என்றே எண்ணுகின்றனர். அவர்களுக்குக் காட்டப்படும் நீரூற்று, காற்றாலை, அரண்மனை, கல்லறை ஆகியவற்றின் காலத்தைத் தனித்தனியே விசாரித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. நீரூற்று 1842இல்தான் உயிர்பெற்றது. காற்றாலை 1993இல் மீண்டும் எழுந்தது. நகர அரண்மனை 2014இல் திறக்கப்பட்டது. மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் உடல்கூட 1991இல்தான் அவர் விரும்பிய குழிக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் ஆசைப்பட்டதை வேறொருவர் வேறொரு காலத்தில் நிறைவேற்றியதே இந்நகரின் வரலாறு. எனவே ஒவ்வொரு கட்டடத்தையும், அது விரும்பப்பட்ட ஆண்டு, கைகூடிய ஆண்டு ஆகிய இரண்டோடும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் போட்ஸ்டாம் உண்மையில் விளங்குகிறது.

ஊரின் பெயர் முதன்முதலில் காணப்படுவது, அப்போது சிறுவனாக இருந்த அரசர் மூன்றாம் ஓட்டோ, தன் அத்தையும் குவெட்லின்பர்க் கன்னிமடத்தின் தலைவியுமான மட்டில்டாவுக்கு 993ஆம் ஆண்டில் வழங்கிய கொடை ஆவணத்தில் ஆகும். அதன்பின் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாக வளராத இச்சிற்றூரைத் தம் இரண்டாம் இருப்பிடமாகத் தெரிவு செய்தவர், பிராண்டன்பர்க்கை ஆண்ட ‘பெரிய எலெக்டர்’ பிரெடரிக் வில்லியம் ஆவார். எலெக்டர் என்பது புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த சில இளவரசர்களைக் குறிக்கும் பட்டம். முப்பதாண்டுப் போரில் (1618–1648) பாழாகி மக்கள்தொகை சரிந்திருந்த தம் நாட்டிற்குக் குடிகளைத் தேடிக்கொண்டிருந்த அவர், பிரான்சின் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் புராட்டஸ்டண்ட் மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, சில வாரங்களுக்குள் போட்ஸ்டாம் ஆணையைப் பிறப்பித்து, அம்மக்களுக்கு நிலமும் வரிச்சலுகையும் தருவதாக அறிவித்தார். ஹியூகனோக்கள் எனப்படும் அந்தப் பிரெஞ்சு அகதிகளில் ஏறத்தாழ 20,000 பேர் பிராண்டன்பர்க் நாட்டில் குடியேறினர். இந்நகரின் பெயரால் வழங்கும் ஆவணங்களில் காலத்தால் முந்தியதும், பெருமைப்படத்தக்கதும் இதுவே.

எலெக்டரின் மகன் 1701இல் பிரஷ்யாவின் முதல் மன்னராக முடிசூடிக்கொண்டார். 1713இல் பட்டத்துக்கு வந்த பேரன் முதலாம் பிரெடரிக் வில்லியம், தந்தையின் ஆடம்பரத்தை ஒரே வீச்சில் நிறுத்தினார். வரலாறு இவரைப் ‘படைவீர மன்னர்’ என்று குறிப்பிடுகிறது. நகர அரண்மனையின் முன்னிருந்த பூந்தோட்டம் இவர் ஆணையால் படை அணிவகுப்புத் திடலாயிற்று. குளிர்காலத்தில் எலுமிச்சை, நாரத்தை வகை மரங்களைப் பாதுகாப்பதற்காக 1685இல் கட்டப்பட்டிருந்த நீண்ட கூடம் குதிரை லாயமாயிற்று. அக்கூடம் குண்டுவீச்சிலும் இடிப்பிலும் தப்பி, இன்று திரைப்பட அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆறு பிரஷ்ய அடி, அதாவது ஏறத்தாழ 1.88 மீட்டர் உயரத்துக்குக் குறையாத ஆண்களைப் பல நாடுகளிலிருந்தும் விலைக்கும், சில வேளைகளில் வலுக்கட்டாயமாகவும் திரட்டி அமைத்த ‘நெட்டை வீரர்’ படையணி இவருடைய பெரும் பித்தாக இருந்தது. படைமுகாம்கள் போதாமையால் வீரர்கள் குடிமக்களின் வீடுகளிலேயே தங்கவைக்கப்பட்டனர். நகரைச் சுற்றி எழுந்த மதிலோ பகைவரைத் தடுப்பதற்காக எழுப்பப்பட்டதன்று, தப்பியோடும் வீரர்களைத் தடுப்பதற்காகவே எழுப்பப்பட்டது.

வீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இம்மன்னர் 1724இல் தொடங்கிய அனாதை இல்லத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. அதற்கு முன்மாதிரியாக அமைந்தது, ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே என்னும் சமயச் சீர்திருத்தவாதி நடத்திவந்த கல்வி நிறுவனம். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்ததன் பின்னணியில் இருந்ததும், தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்து அங்கு அனுப்பிவைத்ததும் இதே ஹாலே நிறுவனமே. போட்ஸ்டாம் இல்லத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தும் சமயமும் கற்பிக்கப்பட்டன. அதே பிள்ளைகள் நகரின் பட்டறைகளில் வேலைக்கும் அமர்த்தப்பட்டனர் என்பதையும் மறக்கலாகாது.

படைவீர மன்னர் விட்டுச்சென்றவற்றுள் இன்று பயணிகள் விரும்பி நடக்கும் பகுதி டச்சுக் குடியிருப்பு. 1730களில் தொடங்கிச் சில ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யான் பவுமன் என்னும் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் 134 செங்கல் வீடுகள் நான்கு தொகுதிகளாக எழுந்தன. சுண்ணாம்புப் பூச்சில்லாத சிவந்த சுவர்கள், வெண்ணிறப் பூச்சுக்கோடுகள், வளைந்தேறும் முகப்பு உச்சிகள் என ஹாலந்தின் ஒரு தெருவையே பெயர்த்து வைத்தாற்போன்ற தோற்றம். சதுப்பு நிலத்தின் மேல் கைவினைஞர்களின் நாடாகிய ஹாலந்தின் சாயலில் ஒரு பேட்டையைக் கட்டிவைத்தால் டச்சுத் தச்சர்களும் கொத்தர்களும் வந்து குடியேறுவார்கள் என்பது மன்னரின் கணக்கு. வந்தவர்கள் மிகச் சிலரே. வீடுகளைப் பிரெஞ்சு வணிகர்களும் உள்ளூர்க் கைவினைஞர்களும் படைவீரர்களும் நிரப்பினர். அழைக்கப்பட்டவர்கள் வராத விருந்து மண்டபத்தைப் போல, டச்சுக்காரர்கள் இல்லாத டச்சுக் குடியிருப்பாகவே அது தொடங்கியது. இன்று அங்கு தேநீர்க்கடைகளும் கைவினைக் கடைகளும் உள்ளன.

இம்மன்னரின் கட்டடப் பணிகளுக்காக நகருக்கு வெளியே இருந்த ஒரு குன்றின் கருவாலி மரங்கள் வெட்டப்பட்டன. சதுப்பு நிலத்தை உறுதிப்படுத்த அம்மரங்கள் மண்ணுக்குள் இறங்கின. மொட்டையாக நின்ற அக்குன்றின்மேல்தான் மகன், தந்தையின் உலகிலிருந்து முற்றிலும் வேறான ஓர் உலகத்தை அமைத்தார்.

மகன் இரண்டாம் பிரெடரிக், பிற்காலத்தில் மகா பிரெடரிக் எனப்பட்டவர். புல்லாங்குழலும் பிரெஞ்சு நூல்களும் அவரது இளமையின் புகலிடங்களாக இருந்தன. தந்தையோ இரண்டையும் வெறுத்தார். 1730இல் நாட்டைவிட்டுத் தப்பியோட முயன்று பிடிபட்டபோது, உடந்தையாக இருந்த நண்பர் காட்டே, இளவரசர் சிறைவைக்கப்பட்டிருந்த கோட்டையிலேயே தலை வெட்டப்பட்டார். 1740இல் அரியணை ஏறிய அதே ஆண்டில், தந்தை சேர்த்துவைத்த படையைக் கொண்டே ஆஸ்திரியாவின் சிலேசியா மாகாணத்தைக் கைப்பற்றும் போரைத் தொடங்கியவரும் இவரே. ‘கவலையின்றி’ எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைக் கொண்ட சான்சூசி அரண்மனை, அப்போர்களின் நடுவே, 1745க்கும் 1747க்கும் இடையில் கட்டப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கவலையை விளைத்த கையே இந்த இல்லத்தின் முதல் வரைபடத்தையும் தீட்டியது என்பதை அங்கு செல்வோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அரண்மனைக்கு முன்பே, 1744இல், குன்றின் தென்சரிவு வெட்டப்பட்டு ஆறு படிநிலைத் தளங்களாக்கப்பட்டது. ஒவ்வொரு தளத்தின் தாங்குசுவரும் நடுவில் உள்வாங்கி வில்லாக வளைந்திருப்பதால், தாழ்வாக வரும் வடநாட்டு வெயில் அதில் குவிந்து தேங்கும். சுவர்களில் 168 மாடங்கள் குடையப்பட்டு, அவற்றுக்குக் கண்ணாடிக் கதவுகள் பொருத்தப்பட்டன. போர்ச்சுகல், இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து தருவிக்கப்பட்ட திராட்சைக் கொடிகளும் அத்திமரங்களும் அக்கண்ணாடிகளுக்குள் குளிரைத் தாங்கி வளர்ந்தன. நடுவே ஏறும் படிக்கட்டில் இன்று 132 படிகள் உள்ளன. அடிவாரத்திலிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்கு, அரண்மனையின் கீழ்ப்பகுதி கடைசித் தளத்தின் விளிம்புக்குப் பின்னால் மறைந்து, கூரையும் குவிமாடமும் மட்டும் மேலே தெரியும். இக்குறை அன்றே முன்கூட்டி அறியப்பட்டது. கட்டடக் கலைஞர் கெயோர்க் வென்ட்செஸ்லாஸ் ஃபான் க்னோபெல்ஸ்டோர்ஃப், உயரமான அடித்தளத்தின் மீது அரண்மனையை எழுப்பித் தளத்தின் விளிம்புவரை கொண்டுவர வேண்டும் என வாதிட்டார்; மன்னரோ, தம் அறையிலிருந்து ஒரு படிகூட இறங்காமல் நேரே தோட்டத்தில் கால் வைக்க வேண்டும் என்றார். மன்னரின் கருத்தே வென்றது. கட்டடம் முடியும் முன்பே க்னோபெல்ஸ்டோர்ஃப் பணியிலிருந்து விலக்கப்பட்டு, டச்சுக் குடியிருப்பைக் கட்டிய பவுமன் வேலையை முடித்தார். கலைஞரின் கண் சரியாகவே கணித்திருந்தது. ஆனால் வாழப்போகிறவரின் கால் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த ஒற்றை மாடி வீட்டின் நெருக்கமான இனிமை, மன்னரின் பிடிவாதத்தால்தான் கிடைத்தது.

உள்ளே மையப் பகுதியில் பன்னிரண்டே அறைகள். ரோம் நகரின் பாந்தியன் கோயிலைப் பின்பற்றி, குவிமாடத்தின் உச்சியில் ஒளிபுகும் திறப்புடன் அமைந்த நீள்வட்டப் பளிங்கு மண்டபம் நடுவில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே உள்ள இசையறையில் பயணிகள் நிமிர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: வெள்ளை நிறக் கூரையின் நடுவில் பொன்முலாம் பூசிய ஒரு சிலந்திவலை, அதைச் சுற்றிக் கொடிப்பந்தல், பறவைகள், வேட்டை நாய்கள். கிளிஞ்சலையும் கொடியையும் போல நெளியும் அலங்காரங்களால் சுவரை மறைக்கும் ‘ரொக்கோகோ’ பாணியின் உச்சம் இவ்வறை. இங்கு மாலைகளில் மன்னர் புல்லாங்குழல் வாசிக்க, பெரும் இசைமேதை செபாஸ்டியன் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவெல் பாக் விசைப்பலகையில் உடன் வாசித்தார். தந்தை பாக் 1747 மே மாதத்தில் போட்ஸ்டாமுக்கு வந்து, மன்னர் கொடுத்த மெட்டின் மீது உடனடியாகக் கற்பனை இசை வாசித்ததும், பின்னர் அதையே விரிவாக்கி ‘இசைக் காணிக்கை’ என்னும் தொகுப்பாக அச்சிட்டு அனுப்பியதும் இசையுலகம் அறிந்தவை. அந்தச் சந்திப்பு நடந்தது இவ்வறையிலன்று, நகர அரண்மனையில்.

காட்சிக்கும் உண்மைக்கும் இடையிலான இத்தகைய இடைவெளிகள் சான்சூசியில் மேலும் உண்டு. குரங்குகளும் கிளிகளும் மலர்களும் வண்ணம் தீட்டிய மரச்செதுக்கல்களாகச் சுவரில் நிறைந்த விருந்தினர் அறை ‘வால்டேர் அறை’ எனப்படுகிறது. 1750 முதல் 1753 வரை மன்னரின் விருந்தினராக இருந்து, கடைசியில் மனம் கசந்து வெளியேறிய பிரெஞ்சு அறிஞர் வால்டேருக்கு நகர அரண்மனையில் தங்குமிடம் இருந்தது. இவ்வறையில் அவர் வசித்தார் என்பதற்குச் சான்று இல்லை. மன்னர் 1786 ஆகஸ்ட் 17 அன்று சாய்வு நாற்காலியில் உயிர்நீத்த அறையோ, அவருக்குப் பின் வந்த தம்பி மகனின் ஆணையால் உடனே புதுப் பாணிக்கு மாற்றப்பட்டது. அரசி எலிசபெத் கிறிஸ்டீனுக்கு இவ்வரண்மனையில் இடமே இருக்கவில்லை. அவர் பெர்லினுக்கு அருகே ஷோன்ஹவுசன் மாளிகையில் தனித்து வாழ்ந்தார். மாறாமல் எஞ்சியவற்றுள் முதன்மையானது, தேவதாரு வகைப் பலகைகளால் சூழப்பட்ட வட்ட வடிவ நூலகம். அதிலிருந்த ஏறத்தாழ 2,100 நூல்களில் கிரேக்க, ரோமானியப் படைப்புகளும் பிரெஞ்சு மொழியிலேயே இருந்தன. ஜெர்மானிய மன்னரின் தனியறையில் ஜெர்மன் மொழிக்கு இடம் கிடைக்கவில்லை.

சான்சூசியின் வரலாற்றில் மிகவும் கற்பிக்கத்தக்க பகுதி தண்ணீரைப் பற்றியது. பிரான்சின் வெர்சாய் தோட்டத்துக்குப் பின், நீரூற்று இல்லாத அரசத் தோட்டம் அரைகுறைத் தோட்டமாகவே கருதப்பட்டது. குன்றின் அடியில் வட்டக் குளம் வெட்டப்பட்டு, பதினைந்தாம் லூயி அன்பளிப்பாக அனுப்பிய வீனஸ், மெர்க்குரி சிலைகள் உட்படப் பளிங்குச் சிலைகள் அதைச் சுற்றி வைக்கப்பட்டன. குளத்தின் நடுவிலிருந்து நீர் விண்ணோக்கிப் பாய வேண்டுமானால், அரண்மனைக்கு வடக்கே உள்ள உயரமான குன்றில் நீர்த்தேக்கம் அமைத்து, அங்கிருந்து குழாய் வழியே இறக்க வேண்டும். 1748இல் தேக்கம் கட்டப்பட்டது; அதன் கரையை மறைப்பதற்காக, இடிந்த ரோமானியக் கோயிலைப் போன்ற தூண்களும் உடைந்த சுவர்களும் செயற்கையாக எழுப்பப்பட்டதால் அது ‘இடிபாட்டுக் குன்று’ எனப் பெயர் பெற்றது. ஹாவெல் ஆற்று நீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து, காற்றாலைகளால் இயங்கும் பம்புகளைக் கொண்டு குன்றின்மேல் ஏற்றுவதே திட்டம்.

குழாய்கள் மரத்தால் செய்யப்பட்டன. பம்புகளை இயக்கியதும் நீரின் அழுத்தம் தாங்காமல் அவை வெடித்தன. அப்போது பெர்லின் அறிவியல் கழகத்தில் பணியாற்றிய கணித மேதை லெயோன்ஹார்ட் ஆய்லரிடம் 1749இல் கருத்துக் கேட்கப்பட்டது. நீர் அசையாமல் நிற்கும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் வேறு, பம்பு தள்ளும்போது ஏற்படும் அழுத்தம் வேறு என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டி, குழாய்கள் அகலமாகவும் ஈயத்தாலும் இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். செலவுக்கு அஞ்சியும், நீரியல் பணியில் பழகாதவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தும் வேலையை நடத்திய அரசவை அந்த அறிவுரையைப் பின்பற்றவில்லை. 1754இல் ஒருமுறை, தேக்கத்தில் சேர்ந்திருந்த மழைநீரும் உருகிய பனிநீரும் குழாயில் இறங்கிச் சிறிது நேரம் நீர் எழும்பியது. பெருநீரூற்று என்று மன்னர் கண்டது அவ்வளவே. பல ஆண்டுகள் கழித்து வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தோல்விக்கான பழியை ஆய்லரின் வடிவியல் மீதே சுமத்தினார். நெடுங்காலம் நூல்களும் அதை வழிமொழிந்து, ஏட்டுக் கணிதம் நடைமுறைக்கு உதவாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டின. ஆய்லரின் கடிதங்களையும் கணக்குகளையும் மீண்டும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள், அவருடைய கணிப்பு சரியாக இருந்தது என்பதை நிறுவியுள்ளனர். கேட்ட அறிவுரையைத் தள்ளிவிட்டு அதன் விளைவுக்கு அறிஞரைக் குற்றம் சொல்வது ஆட்சியாளருக்கு எளிது. அந்த அவதூறு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது வேதனைக்குரியது.

நீரூற்றை இயக்கியவர் நான்காம் பிரெடரிக் வில்லியம். 1840இல் முடிசூடிய அவருடைய காலத்தில் நீராவி வந்துவிட்டது. ஹாவெல் கரையில் பம்பு நிலையம் அமைக்கும் பொறுப்பு லுட்விக் பெர்சியுஸ் என்னும் கட்டடக் கலைஞரிடமும், இயந்திரம் பெர்லின் தொழிலதிபர் ஆகஸ்ட் போர்சிக்கிடமும் ஒப்படைக்கப்பட்டன. ஏரிக்கரைக் காட்சியைத் தொழிற்கூடம் கெடுக்கலாகாது என்பதற்காக, மன்னரின் விருப்பப்படி அந்நிலையம் ஒரு பள்ளிவாசலின் வடிவில் கட்டப்பட்டது. நிறக் கோடுகள் ஓடும் சுவர்கள், நடுவே குவிமாடம், பக்கத்தில் ஒல்லியான மினாரா. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மினாராவாகத் தெரிவது உண்மையில் புகைபோக்கி. உள்ளே, ஸ்பெயினின் மூரிய மண்டபங்களை நினைவூட்டும் வண்ணத் தோரண வளைவுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 80 குதிரைத்திறன் கொண்ட நீராவி இயந்திரம் இயங்கியது. 1842 அக்டோபரில் சான்சூசியின் நடுநீரூற்று 38 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. தேக்கம் கட்டி 94 ஆண்டுகளுக்குப் பின், அதை விரும்பியவர் இறந்து 56 ஆண்டுகளுக்குப் பின். பிற்காலத்தில் மின்பம்புகள் அப்பணியை ஏற்றுக்கொண்டன. போர்சிக்கின் இயந்திரமோ அதே கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணிகள் தவறவிடுவது இதையே. அரச ஆணையால் ஆகாததைத் தொழிற்புரட்சி செய்துகாட்டிய இடம் இது.

அரண்மனையின் பக்கத்தில் நிற்கும் காற்றாலை பற்றியும் ஒரு கதை ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆலையின் ஓசை தம் அமைதியைக் குலைப்பதாக மன்னர் அதை விலைக்குக் கேட்க, ஆலைக்காரர் மறுக்க, பறிமுதல் செய்துவிடுவேன் என்று மன்னர் மிரட்ட, பெர்லினில் நீதிமன்றம் இருக்கிறதே என்று ஆலைக்காரர் பதில் சொன்னதாகவும், மன்னர் பணிந்ததாகவும் அக்கதை முடிகிறது. ஆவணங்கள் காட்டும் நிலைமை வேறு: அரண்மனையும் மரங்களும் காற்றை மறைப்பதால் பிழைப்பு கெடுகிறது என்று முறையிட்டவரே ஆலைக்காரர்தான். நீதிமன்றத்தோடு மன்னர் உண்மையில் மோதியது 1779இல், ஆர்னால்ட் என்னும் நீராலைக்காரரின் வழக்கில். ஏழைக்கு அநீதி இழைக்கப்பட்டதாக நம்பிய மன்னர் தீர்ப்பைத் தாமே மாற்றி, நீதிபதிகளைச் சிறைக்கு அனுப்பினார்; அவர் இறந்தபின் அந்நடவடிக்கை தவறென ஒப்புக்கொள்ளப்பட்டது. கதையில் நீதிக்குத் தலைவணங்கிய மன்னர், வாழ்க்கையில் நல்லெண்ணத்தோடே நீதிமன்றத்தை மீறியவர். இப்போதுள்ள ஆலை, 1945இல் எரிந்துபோனதன் இடத்தில், நகரின் ஆயிரமாவது ஆண்டான 1993இல் மீண்டும் கட்டப்பட்டது.

பூங்காவின் மேற்கு எல்லையில் நிற்கும் புதிய அரண்மனை, ஏழாண்டுப் போர் முடிந்த 1763இல் தொடங்கி 1769இல் முடிந்தது. நாடு களைத்துக் கிடந்த வேளையில், பிரஷ்யா சோர்ந்துவிடவில்லை என்று ஐரோப்பாவுக்கு அறிவிக்கவே இருநூறுக்கும் மேற்பட்ட அறைகளுடன் இது எழுப்பப்பட்டது. வெளிச்சுவரை நெருங்கிச் சென்று பார்த்தால் அந்த அறிவிப்பின் மறுபக்கம் தெரியும்: டச்சு பாணிச் செங்கல் சுவராகத் தோன்றும் பரப்பில் பெரும்பகுதி, பூச்சின்மேல் செங்கல் வரிகளைத் தீட்டிய வண்ணமே. பிரெடரிக் இதில் விருந்தினர்களைத் தங்கவைத்தாரேயன்றித் தாம் விரும்பி வாழவில்லை. கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்லியம் 1918 வரை இதைத் தம் இல்லமாகக் கொண்டிருந்தார். கட்டடக் கலைஞர் ஷிங்கெல் கட்டிய சார்லோட்டன்ஹோஃப் மாளிகை, பெர்சியுஸின் ரோமானியக் குளியலகம், சீன மாளிகை, 1826–27இல் ரஷ்யப் பாடகர்களுக்காக மரவீடுகளுடன் அமைக்கப்பட்ட அலெக்ஸாண்ட்ரோவ்கா ஆகிய ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை.

சான்சூசியின் மேல்தளத்தில், அரண்மனைக்கு முன்பாகவே 1744இல் மன்னர் தமக்கென ஒரு நிலவறையைக் கட்டிவைத்திருந்தார். ஆடம்பரமின்றி, இரவில், விளக்கொளியில், தம் நாய்களுக்கு அருகில் தம்மைப் புதைக்க வேண்டும் என்று உயிலில் எழுதினார். பின்வந்தவர் அதைப் பொருட்படுத்தாமல், நகரின் காவற்படைத் தேவாலயத்தில், அவர் வாழ்நாளெல்லாம் அஞ்சிய தந்தையின் அருகிலேயே பெட்டியை வைத்தார். 1806இல் பிரஷ்யாவைத் தோற்கடித்த நெப்போலியன் வந்து வணங்கியது அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் இருவரின் பெட்டிகளும் குண்டுவீச்சுக்கு அஞ்சி அகற்றப்பட்டு, துரிங்கியாவின் உப்புச் சுரங்கத்தில் மறைக்கப்பட்டு, அமெரிக்கப் படையினரால் கண்டெடுக்கப்பட்டு, மார்பர்க் தேவாலயம், பின்னர் தெற்கே ஹோஹென்சோலர்ன் கோட்டை எனப் பயணம் செய்தன. ஜெர்மனி மீண்டும் இணைந்த பின், 1991 ஆகஸ்ட் 17 இரவில், இறந்து 205 ஆண்டுகள் நிறைந்த நாளில், பிரெடரிக் தாம் கேட்ட குழியை அடைந்தார். பெயர் மட்டும் பொறித்த தட்டையான கல்லின்மேல் பயணிகள் உருளைக்கிழங்குகளை வைத்துச் செல்கின்றனர். பஞ்சத்தைத் தடுக்க அக்கிழங்கைப் பயிரிடுமாறு 1756இல் அவர் பிறப்பித்த ஆணையின் நினைவாக அவ்வழக்கம் ஏற்பட்டது.

இருபதாம் நூற்றாண்டு இந்நகரின்மேல் கடுமையாக இறங்கியது. 1933 மார்ச் 21 அன்று, அதே காவற்படைத் தேவாலயத்தின் முன் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்கின் கையைப் பணிவுடன் பற்றி நின்ற ஹிட்லர், பழைய பிரஷ்யாவின் பெருமையைத் தமக்கு ஆடையாக்கிக்கொண்டார். 1945 ஏப்ரல் 14 இரவில் பிரிட்டிஷ் விமானங்களின் குண்டுவீச்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிய, நகர மையம் எரிந்தது. மூன்று மாதங்களுக்குப் பின், வடக்கே ஏரிக்கரையில், ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகையின் சாயலில் 1917இல் முடிக்கப்பட்ட செசிலியன்ஹோஃபில் ட்ரூமனும் ஸ்டாலினும் சர்ச்சிலும் கூடினர். தேர்தலில் தோற்ற சர்ச்சிலின் இருக்கையில் இடையில் அட்லி அமர்ந்தார். ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை அவர்கள் சுற்றி அமர்ந்த, மூன்று மீட்டர் அகல வட்ட மேசை மாஸ்கோவில் செய்யப்பட்டது. அக்கூடத்தின் கருவாலி மரப் படிக்கட்டு டான்சிக் நகரம் அளித்த அன்பளிப்பு. அந்த டான்சிக் போலந்தின் நிர்வாகத்துக்குள் வருவதை உறுதிசெய்த பேச்சுகள் அப்படிக்கட்டின் அடியிலேயே நடந்தன. 1961இல் எழுந்த பெர்லின் சுவர் அம்மாளிகையின் பூங்காவை ஏரியிலிருந்து துண்டித்தது. லென்னே என்னும் தோட்டக் கலைஞர் ஒரு நூற்றாண்டுக்கு முன் நீருக்கு அப்பால் நோக்கித் திறந்துவைத்திருந்த பார்வை வழிகள் 1990க்குப் பின்னரே பழைய வரைபடங்களின்படி மீட்கப்பட்டன. 1990ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ, முன்னாள் எல்லையின் இருபுறமும் உள்ள அரண்மனைகளையும் பூங்காக்களையும் ஒன்றாக உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நகர மையத்தில் கிழக்கு ஜெர்மானிய அரசு வேறு வழியைத் தெரிந்தெடுத்திருந்தது. சுவர்கள் எஞ்சி நின்ற நகர அரண்மனையை 1959–60இலும், காவற்படைத் தேவாலயத்தின் கோபுரத்தை 1968இலும் அது தகர்த்தது. இன்று அரண்மனையின் வெளித்தோற்றம் மட்டும் திரும்ப எழுப்பப்பட்டு, உள்ளே பிராண்டன்பர்க் மாநிலச் சட்டமன்றம் 2014 முதல் கூடுகிறது. மேற்குச் சுவரில், இது அரண்மனை அல்ல என்று பிரெஞ்சு மொழியில் பொன்னெழுத்துகளால் ஒரு கலைஞர் எழுதிவைத்திருக்கிறார். மன்னர்களின் கூரைக்கடியில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அமர்வதை நல்ல தீர்வாகவே கொள்ளலாம். தேவாலயக் கோபுரம் அவ்வளவு எளிதாகத் தீர்வதன்று. 2024இல் திறக்கப்பட்ட புதிய கோபுரத்தை மீண்ட அழகு என்று சிலர் கொண்டாட, 1933ஆம் ஆண்டின் நிழல் என்று சிலர் எதிர்க்கின்றனர். அதை ஒட்டியே, பழைய தேவாலயத்தின் நடுக்கூடம் இருந்த நிலத்தில், கிழக்கு ஜெர்மானியக் காலத்துக் கணினி மையக் கட்டடம் நிற்கிறது. விண்வெளியை மனிதன் வெல்வதைச் சித்திரிக்கும் வண்ணக்கல் ஓவியம் அதன் கீழ்ச்சுவரைச் சுற்றி ஓடுகிறது. அறைகளில் ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் பணிபுரிகின்றனர். அக்கட்டடம் நிலைப்பதா, நடுக்கூடத்துக்கு இடம் விடுவதா என்பது பற்றி நகர மன்றத்திலும் தெருவிலும் பல ஆண்டுகளாக விவாதம் நடந்துவருகிறது.